17 மணி நேரத்தில் ஒரு தற்காப்பு: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் புதிதாகப் பொறுப்பேற்கும் பயிற்சியாளருக்கு

கடிகாரத்திலிருந்து தொடங்குவோம். கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, பருவம் நடக்கும் மாதங்களில் ஒரு மாணவ வீரரிடம் பயிற்சியாளர் கட்டாயமாகக் கேட்டுப் பெறக்கூடிய நேரம் வாரத்துக்கு 20 மணி, நாளொன்றுக்கு 4 மணி. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. சனிக்கிழமை ஆட்டம் எவ்வளவு இழுத்தாலும் கணக்கில் 3 மணியாகத்தான் எழுதப்படும். எஞ்சும் 17 மணிக்குள் மைதானப் பயிற்சி, காணொளிக் கூட்டம், எடைப் பயிற்சி அத்தனையும் அடங்க வேண்டும். முன்வரிசைக்குப் பின்னால் நின்று தடுக்கும் உங்கள் நடு லைன்பேக்கருக்கு 19 வயது. செவ்வாய்க்கிழமை காலையில் அவருக்கு வேதியியல் தேர்வு இருக்கலாம். பாஸ் வீசுபவரை நெருக்கக் கூடுதல் ஆட்களை அனுப்பும் பிளிட்ஸ்களைக் கோடை முழுவதும் உட்கார்ந்து வரைந்து, அவற்றை எல்லாம் முதல் வாரத்திலேயே இறக்கிவிடும் பயிற்சியாளர், அந்தப் பையன் ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னுக்குக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் கணம்) முன் யோசித்துக்கொண்டே நிற்பதைத்தான் சனிக்கிழமை பார்ப்பார். ஆகவே எதைச் சேர்ப்பது என்பதற்கு முன்பாக எதை விடுவது என்று தீர்மானிப்பது நல்லது. இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கணக்கை வைத்துத்தான் போகிறது.

அமெரிக்க ஃபுட்பாலை அதிகம் பார்க்காதவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு: பந்தை வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு டவுன், இரு பக்கமும் 11 பேர்.

மைதானத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள்

மைதானத்தின் அகலம் 160 அடி. ஒவ்வொரு டவுனும் தொடங்கும்போது பந்து எந்த எல்லைக்குள் வைக்கப்படும் என்பதைக் காட்டும் ஹேஷ் குறிகள் இரண்டுக்கும் இடையே கல்லூரி மைதானத்தில் 40 அடி இருக்கும். தொழில்முறை என்எஃப்எல்லில் அது 18 அடி 6 அங்குலம்தான். பார்வைக்குச் சிறியதாகத் தெரியும் இந்த வேறுபாடுதான் கல்லூரித் தற்காப்பைத் தனிக் கலையாக்குகிறது. பந்து இடது ஹேஷில் இருந்தால் இடப்பக்கம் 60 அடி, வலப்பக்கம் 100 அடி. அகலமான பக்கத்தை ஃபீல்டு என்றும் குறுகிய பக்கத்தை பவுண்டரி என்றும் பயிற்சியாளர்கள் அழைப்பார்கள். (கிரிக்கெட் பவுண்டரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், எனக்கு அந்தக் குழப்பம் தெளியச் சில நாள் ஆனது.)

இதிலிருந்து ஆள் தேர்வு தானாகப் பிறக்கிறது. அகலப் பக்கத்தில் ஓட வேண்டிய தூரம் அதிகம் என்பதால் அங்கே ஆழத்தில் நின்று காக்கும் சேஃப்டியும், ஸ்லாட்டில், அதாவது முன்வரிசைக்கும் ஓர ரிசீவருக்கும் இடையில், நிற்கும் ரிசீவருக்கு (பாஸைப் பிடிப்பவர்) எதிரே வைக்கப்படும் நிக்கல் வீரரும் வேகமானவர்களாக இருக்க வேண்டும். குறுகிய பக்கத்தில் ஓர ரிசீவரைத் தடுக்கும் கார்னர்பேக்குக்கு ஓரக் கோடே ஒரு துணையாள். ஆனால் பெரும்பாலும் அவருக்கு எதிரே நிற்பவர் எதிரணியின் உயரமான, வலுவான ரிசீவர், அதோடு ஓட்ட ஆட்டம் அந்தப் பக்கம் வந்தால் அவரே முதலில் மோத வேண்டியிருக்கும் என்பதால், உடல் வலுவுள்ளவரை அங்கே நிறுத்துவது வழக்கம். சில பயிற்சியாளர்கள் இந்தப் பக்க மாற்றமே வேண்டாம் என்று இடது, வலது என்று நிரந்தரமாக நிறுத்திவிடுகிறார்கள். எதிரணி மூச்சுவிடாமல் அடுத்தடுத்து ஸ்னாப் எடுக்கும் வேக ஆட்டக்காரர்களாக இருந்தால் அவர்கள் செய்வதே சரி. பக்கம் மாற ஓடிக்கொண்டிருக்கும் கார்னர், பந்து நகரும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

சந்துகளை எண்ணுதல்

தாக்கும் அணியின் முன்வரிசையில் நடுவே சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டுகள், அவர்களுக்கு வெளியே டாக்கிள்கள் என ஐந்து பேர். சென்டருக்கும் கார்டுக்கும் இடையிலான சந்து ஏ கேப், கார்டுக்கும் டாக்கிளுக்கும் இடையே பி, டாக்கிளுக்கு வெளியே சி. ஐந்து பேருக்கு ஆறு சந்துகள். டாக்கிளுக்கு வெளியே நிற்கும் டைட் எண்டு ஒருவர் சேர்ந்தால் ஏழு. ஒவ்வொரு சந்துக்கும் ஒரு பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். வெறுமனே ‘பந்தைத் துரத்துங்கள்’ என்று சொல்லி அனுப்பினால் இரண்டு பேர் ஒரே சந்தில் போய் நிற்பார்கள், பக்கத்துச் சந்து வழியாகப் பந்து 60 யார்டு போய்விடும்.

கணக்கு இங்கே ஒரு முறை புரள்கிறது. ஸ்னாப்பில் பந்தைப் பெற்று ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் அதைக் கைமாற்றிவிட்டு வேடிக்கை பார்ப்பவராக இருந்தால், தாக்குபவர்கள் பத்துப் பேர், தடுப்பவர்கள் பதினொன்று. அவரே பந்தோடு ஓடத் தெரிந்தவராக இருந்தால், அந்த ஒரு ஆள் லாபம் காணாமல் போய்விடுகிறது. கல்லூரியில் ஓடத் தெரிந்த குவார்ட்டர்பேக் விதிவிலக்கு அல்ல, வழக்கம். அவர்கள் நம் முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் டிஃபென்ஸிவ் எண்டை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டு, அவர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்த்துப் பந்தைக் கொடுக்கவோ வைத்துக்கொள்ளவோ செய்வார்கள். இதற்கு நான் முதலில் கற்றுக்கொடுக்கச் சொல்லும் விடை, எண்டும் லைன்பேக்கரும் வேலையைப் பரிமாறிக்கொள்வது: எண்டு உள்ளே பாய்ந்து, பந்தை வாங்கி ஓடும் ரன்னிங்பேக்கைப் பிடிப்பார், அவர் உள்ளே வருவதைக் கண்ட குவார்ட்டர்பேக் பந்தை வைத்துக்கொண்டு வெளியே ஓடுவார், அங்கே ஏற்கெனவே சுற்றி வந்த லைன்பேக்கர் நிற்பார். இதை எப்போதும் செய்யக் கூடாது. நான்கில் ஒரு முறை செய்தால் போதும், குவார்ட்டர்பேக்கின் கண்ணில் நம்பிக்கை குறையும்.

ஒரே ஆளுக்கு இரண்டு வேலை

இன்றைய கல்லூரித் தற்காப்பின் பெரிய தலைவலி ஆர்பிஓ எனப்படும் ஆட்டம். ஒரே அழைப்பில் ஓட்டமும் பாஸும் சேர்ந்திருக்கும், எது என்பதை ஸ்னாப்புக்குப் பிறகு குவார்ட்டர்பேக் முடிவு செய்வார். ஒரு காட்சியை நிறுத்திப் பார்ப்போம். முதல் டவுன், பந்து இடது ஹேஷில். அகலப் பக்கத்தில் இரண்டு ரிசீவர்கள். உங்கள் நிக்கல் வீரர், வலது டாக்கிளுக்கும் ஸ்லாட் ரிசீவருக்கும் நடுவே ஐந்து யார்டு ஆழத்தில் நிற்கிறார்; ஓட்டமானால் சி கேப் அவருடையது, பாஸானால் ஸ்லாட் ரிசீவர் உள்நோக்கி வெட்டும் ஸ்லான்ட் பாதையும் அவருடையது. ஸ்னாப். குவார்ட்டர்பேக் பந்தை ரன்னிங்பேக்கின் வயிற்றில் வைத்து அழுத்தியபடியே நிக்கலின் காலைப் பார்க்கிறார். நிக்கல் ஓட்டத்தைத் தடுக்க ஒரே ஓர் அடி முன்வைக்கிறார். பந்து வயிற்றிலிருந்து வெளியே இழுக்கப்பட்டு, அவர் இருந்த இடத்துக்கு வீசப்படுகிறது. அவர் நகராமல் நின்றிருந்தால் பந்து ரன்னிங்பேக்கிடம் போயிருக்கும். அவர் எதைச் செய்தாலும் தவறுதான். பயிற்சியாளர் காணொளிக் கூட்டத்தில் அவரைத் திட்டுவது அநியாயம்.

கல்லூரி விதி இதற்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுகிறது. முன்னோக்கிய பாஸ் வீசப்படும்போது தாக்கும் அணியின் முன்வரிசையினர் ஸ்னாப் கோட்டைத் தாண்டி 3 யார்டு வரை போயிருக்கலாம்; என்எஃப்எல்லில் 1 யார்டுதான். ‘கார்டு முன்னேறி வந்தால் ஓட்டம், பின்வாங்கினால் பாஸ்’ என்று பரம்பரையாக லைன்பேக்கர்களுக்குச் சொல்லிவந்த பாடம் கல்லூரியில் பாதி பொய்யாகிவிட்டதற்கு இதுவே காரணம்.

தீர்வு, சிக்கலில் மாட்டும் ஆளிடமிருந்து ஒரு வேலையைப் பிடுங்கி வேறொருவரிடம் கொடுப்பதுதான். முதல் வழி, நிக்கலுக்குப் பாஸ் மட்டும் என்று சொல்லிவிட்டு, சி கேப்பைப் பத்து யார்டு ஆழத்தில் நிற்கும் சேஃப்டியிடம் ஒப்படைப்பது. சேஃப்டி தூரத்தில் நிற்பதால் குவார்ட்டர்பேக் அவருடைய காலைப் படிக்க முடியாது. ஓட்டத்தில் எதிரணிக்கு நான்கைந்து யார்டு கிடைக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது வழி, ஒவ்வொரு ரிசீவருக்கும் ஓர் ஆள் என்று மேன் கவரேஜ் ஆடுவது. குழப்பமே இருக்காது, ஆனால் எல்லோருடைய கண்ணும் ரிசீவர் மீது இருக்கும்போது குவார்ட்டர்பேக் ஓடினால் பார்க்க ஆளிருக்காது. நான் முதல் வழியை அடிப்படையாகவும் இரண்டாவதை மாற்றுச் சுவையாகவும் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

சேஃப்டியை ஓட்டக் கணக்கில் சேர்க்கும் யோசனையை வெகுதூரம் கொண்டுபோனவர் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தற்காப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்த ஜான் ஹீகாக். முன்வரிசையில் மூவரை மட்டும் வைத்து, பின்னால் மூன்று சேஃப்டிகளை நிறுத்தினார். நடுவில் ஆழத்தில் நிற்கும் மூன்றாவது சேஃப்டி எந்தச் சந்துக்குள் இறங்குவார் என்பது எதிரணியில் ஓடுபவருக்கு வழி திறக்கும் தடுப்பாட்டக்காரர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அவ்வளவு தூரம் போய்த் தடுக்க அவர்களுக்கு நேரமிருக்காது. 2017 அக்டோபர் 7 அன்று அவருடைய அணி, தரவரிசையில் மூன்றாம் இடத்தில் இருந்த ஓக்லஹோமாவை அதன் சொந்த மைதானத்திலேயே 38-31 என்று வென்றது; அந்த ஆண்டு சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையைப் பெற்ற பேக்கர் மேஃபீல்டுதான் எதிரணியின் குவார்ட்டர்பேக். அதன் பிறகு பல கல்லூரிகள் இதை நகலெடுத்தன. ஆனால் முன்வரிசை மூவரும் தங்களைவிட அதிகமான ஆட்களைச் சமாளித்து நிற்கத் தெரிந்தவர்களாக இல்லாவிட்டால் இந்த அமைப்பு ஓட்டத்தில் சரிந்துவிடும் என்பதை நகலெடுத்தவர்களில் பலர் தாமதமாகவே கண்டார்கள்.

பாஸைத் தடுக்கும் விதிகள்

கவரேஜ் என்ற பாஸ் தடுப்புக்கு ஒரு வாரத்தில் மூன்று வகைக்கு மேல் வேண்டாம். அடிப்படையாக குவார்ட்டர்ஸ் எனப்படும் நான்கு ஆழக் கவரேஜைப் பரிந்துரைக்கிறேன். ஓட்டத்துக்குச் சேஃப்டிகளைத் தருவது இதன் சிறப்பு. இதை வெறும் இடம் காக்கும் ஜோனாகக் கற்றுக்கொடுத்தால் நல்ல குவார்ட்டர்பேக் காலி இடங்களைப் பொறுக்கி எடுப்பார். ரிசீவரின் பாதையைப் பார்த்துக்கொண்டே மேன் கவரேஜாக மாறும் ‘மேட்ச்’ முறையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். 1991 முதல் 1994 வரை என்எஃப்எல்லின் கிளீவ்லாந்து பிரௌன்ஸ் அணியில் பில் பெலிசிக்கின் கீழ் தற்காப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்த நிக் சேபன், இத்தகைய மேட்ச் விதிகளைக் கல்லூரிக்குக் கொண்டுவந்து லூசியானா ஸ்டேட் (எல்எஸ்யூ) பல்கலைக்கழகத்திலும் அலபாமாவிலுமாக ஏழு தேசியப் பட்டங்கள் வென்றார்.

விதிகளை வீரர் வாய்விட்டுச் சொல்லும் அளவுக்குச் சிறியதாக வையுங்கள். ஓரத்திலிருந்து எண்ணினால் முதல் ரிசீவர், இரண்டாம் ரிசீவர். சேஃப்டியின் கண் இரண்டாமவர் மீது. அவர் பத்து யார்டளவில் நேராக மேலே வந்தால் சேஃப்டி அவரை மேன் ஆகப் பிடிப்பார். அவர் உடனே ஓரம் நோக்கித் திரும்பினால் சேஃப்டி அவரை விட்டுவிட்டு, முதல் ரிசீவர் உள்ளே வெட்டுவதைத் தடுக்கக் கார்னருக்குத் துணை போவார். இரண்டாமவர் தடுப்பதற்காக நின்றுவிட்டால் அது ஓட்டம். சேஃப்டி கீழே இறங்குவார். கார்னர் முதல் ரிசீவரைப் பிடிப்பார், அவர் ஐந்து யார்டுக்குள்ளேயே உள்ளே வெட்டினால் லைன்பேக்கரிடம் விட்டுவிடுவார். இவ்வளவுதான்.

இதன் ஓட்டை எங்கே என்பதையும் வீரர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டாம் ரிசீவர் மேலே வந்து பன்னிரண்டு யார்டில் உள்ளே வெட்டுவார். சேஃப்டி விதிப்படி அவரைப் பற்றுவார். அதே நேரம் முதல் ரிசீவர் சேஃப்டி விட்டுப்போன இடத்துக்குள், கோல் கம்பத்தை நோக்கிச் சாயும் போஸ்ட் பாதையில் பாய்வார். வெளிப்பக்கமாக நின்ற கார்னர் அவருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார். எதிரணியின் பழைய காணொளியில் இந்த ஆட்டம் தென்பட்டால், அந்த வாரம் கார்னரை உள்பக்கமாக நிறுத்தும் ஒரு மாற்று அழைப்பு கட்டாயம் தேவை.

மூன்று ரிசீவர்கள் ஒரே பக்கம், பெரும்பாலும் அகலப் பக்கம், நிற்கும் ட்ரிப்ஸ் அமைப்புக்கும் தனி விதி வேண்டும். மூன்றாம் ரிசீவர் நேராக மேலே ஓடினால் அவரை யார் பிடிப்பது? மறுபக்கத்துச் சேஃப்டி குறுக்கே வந்து பிடிப்பது ஒரு விடை. அதற்குக் கொடுக்கும் விலை, குறுகிய பக்கத்துக் கார்னர் தனியாக நிற்பது. வலுவானவரை அங்கே நிறுத்தச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இது.

பயிற்சி வாரம்

ஞாயிற்றுக்கிழமை முந்தைய ஆட்டத்தின் காணொளி. அதற்குள் பயிற்சியாளர்கள் அடுத்த எதிரணியின் சில ஆட்டங்களைப் பிரித்துப் போட்டிருக்க வேண்டும்: எந்த டவுன், எத்தனை யார்டு மீதி, எந்த ஹேஷ், எத்தனை ரன்னிங்பேக், எத்தனை டைட் எண்டு, என்ன அமைப்பு, என்ன ஆட்டம். எதிரணியின் ஆட்டத்தை மைதானத்துக்கே ஆளனுப்பிப் பார்ப்பதை என்சிஏஏ 1994 முதல் தடுத்திருக்கிறது. எனவே காணொளியே கதி. வரும் புள்ளிவிவரத்தில் பெரும்பகுதியை வீரர்களிடம் காட்ட வேண்டியதில்லை. ‘குறுகிய பக்கம் டைட் எண்டு நின்றால் அந்தப் பக்கமே ஓட்டம்’ என்பது போன்ற மூன்று வாக்கியங்கள் போதும். அவற்றை வீரர் உறக்கத்திலும் சொல்ல வேண்டும்.

திங்களன்று ஓய்வு கொடுத்து, செவ்வாயன்று முதல், இரண்டாம் டவுன்களுக்கும், புதனன்று மூன்றாம் டவுனுக்கும், வியாழனன்று கோல் கோட்டருகே நடக்கும் ஆட்டத்துக்கும், வெள்ளியன்று ஆட்டங்களை மெல்ல நடந்து ஒத்திகை பார்ப்பதற்கும் ஒதுக்குவது பரவலான முறை. இதில் பலரும் அலட்சியம் செய்வது ஸ்கவுட் அணிக்கான அட்டைகளை. எதிரணியைப் போல நடிக்கப்போகும் இரண்டாம் நிலை வீரர்களுக்கு ஒவ்வோர் ஆட்டத்தையும் ஓர் அட்டையில் வரைந்து காட்டுகிறோம். கட்டங்களையும் அம்புகளையும் மட்டும் வரைந்தால், அந்த மாணவர் அம்புக்குறி போன இடத்துக்கு நிதானமாக நடந்து போவார். உங்கள் சேஃப்டி அதைப் பார்த்துப் பழகி, சனிக்கிழமை நிஜ ரிசீவரின் வேகத்தில் ஏமாறுவார். எத்தனை யார்டில் வெட்ட வேண்டும், பந்தை எத்தனை நொடி வயிற்றில் வைத்திருக்க வேண்டும் என்பதையும் அட்டையில் தடித்த எழுத்தில் எழுதுங்கள். அந்த வாரத்தின் குவார்ட்டர்பேக் வேடத்தை ஏற்பவரிடம் தனியாகப் பத்து நிமிடம் உட்காருங்கள்.

மூன்றாம் டவுனில் ஏழு யார்டுக்கு மேல் மீதி இருக்கும்போது, ஐந்தாறு பேரை அனுப்பும் முழு பிளிட்ஸைவிட, நான்கே பேரை எதிர்பாராத இடத்திலிருந்து அனுப்புவது பத்திரமானது. ஆறு பேர் கோட்டருகே நின்று மிரட்டுவார்கள். ஸ்னாப்பில் ஒரு லைன்பேக்கர் பாய, எதிர்ப்பக்க எண்டு பின்வாங்கிப் பாஸ் தடுக்கப் போவார். பின்னால் ஏழு பேர் அப்படியே இருப்பார்கள்.

பிடித்து வீழ்த்தும் பயிற்சிக்கு நாள்தோறும் பத்து நிமிடம், முழு மோதல் இல்லாமல். ஓடுபவரின் இடுப்பைப் பார்த்தபடி நெருங்கி, அருகிலுள்ள காலை ஊன்றி, அதே பக்கத் தோளால் மோதி, தொடைகளைக் கட்டிக்கொள்ள வேண்டும். தலை நிமிர்ந்தே இருக்க வேண்டும். இது வீரரின் கழுத்தைக் காப்பாற்றுவதற்கு முதலில், ஆட்டத்தைக் காப்பாற்றுவதற்கு அடுத்து. ஹெல்மெட்டின் உச்சியால் மோதுவதும், தற்காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவரின் தலையையோ கழுத்தையோ தாக்குவதும் டார்கெட்டிங் குற்றம். 15 யார்டு தண்டனையோடு, 2013 முதல் அந்த வீரர் ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படுகிறார்.

சனிக்கிழமை

2024 பருவம் முதல் உயர்மட்டக் கல்லூரி ஆட்டங்களில் பயிற்சியாளர், மைதானத்தில் உள்ள ஒரே ஒரு தற்காப்பு வீரரின் ஹெல்மெட்டுக்குள் பேசலாம். ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் தனியாக ஓடும் கடிகாரத்தில் 15 நொடி மீதி இருக்கும்போதோ, அதற்கு முன்பே ஸ்னாப் எடுக்கப்பட்டாலோ தொடர்பு அறுந்துவிடும். அந்த 15 நொடியில்தான் எதிரணி அமைப்பை மாற்றும். எனவே கருவி வந்துவிட்டது என்று கை சைகைகளைக் கைவிட்ட பயிற்சியாளர் ஏமாந்தார். மற்றப் பத்துப் பேருக்கும் அழைப்பு போய்ச் சேர வேண்டும், மாற்றத்தை மைதானத்திலேயே ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும். எதிரணி ஆள் மாற்றினால் நாமும் மாற்ற நடுவர் நேரம் தருவார். அவர்கள் மாற்றாவிட்டால் தர மாட்டார். களைத்த முன்வரிசை வீரரை வெளியே எடுக்க அந்த வாய்ப்புகளைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் உதவிப் பயிற்சியாளரைத் தனியாக நியமியுங்கள்.

ஒரு தோல்விக்குப் பின் எல்லாவற்றையும் கிழித்துப் போடத் தோன்றும். 2021 பருவத்தில் ஜார்ஜியாவின் தற்காப்பு நாட்டிலேயே மிகக் குறைந்த புள்ளிகளைக் கொடுத்தது. ஆனால் டிசம்பரில் இரு அணிகளும் ஆடும் எஸ்இசி லீக்கின் இறுதியாட்டத்தில் அலபாமா அதை 41-24 என்று பிரித்து மேய்ந்தது. 2022 ஜனவரி 10 அன்று தேசிய இறுதியாட்டத்தில் அதே இரு அணிகள் மோதியபோது, ஜார்ஜியா அடிப்படை அமைப்பை வைத்துக்கொண்டே 33-18 என்று வென்றது. இம்முறை குவார்ட்டர்பேக் பிரைஸ் யங் மீது நெருக்கடி போய்ச் சேர்ந்தது. அலபாமாவின் முதன்மை ரிசீவர்களில் ஒருவர் காயத்தால் வரவில்லை, இன்னொருவர் ஆட்டத்தின் நடுவே காயமடைந்தார் என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அழைப்புத் தாளின் கடைசி மூலையைக் கூடுதல் நேர ஆட்டத்துக்காக வெறுமையாக விட்டு வையுங்கள். அங்கே ஒவ்வொரு முறையும் எதிரணி உங்கள் 25 யார்டு கோட்டில் தொடங்கும். பின்னால் ஓட இடமில்லாததால் சேஃப்டிகள் முன்னே நெருங்கி நிற்கலாம். மூன்றாம் கூடுதல் நேரத்திலிருந்து இரு அணிகளும் 3 யார்டு கோட்டிலிருந்து ஒரே ஓர் இரண்டு புள்ளி முயற்சியை மாறி மாறிச் செய்யும். அதற்கென்று மூன்று அழைப்புகளை வியாழக்கிழமையே பயிற்சி செய்து, சனிக்கிழமை நான்காம் கால்பகுதி முடியும்வரை எதற்கும் எடுக்காமல் வைத்திருங்கள்.